எனக்குப் பின் என் பிள்ளைக்கு யார்?

 

கண் தெரியாத, காது கேளாத, கைகால் வழங்காத, அல்லது அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்த்து வரும் தாய்மார்களிடம் சற்று அமர்ந்து பேசிப் பாருங்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூக்கிச் சுமப்பதும் அவர்களுக்குப் பெரும் பாரமாகத் தெரிவதில்லை. அவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு கவலை. "எனக்கு மௌத்து வந்த பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதே அது.

முற்காலத்தில் இக்கேள்விக்கு விடை வீட்டிலேயே இருந்தது. பெரிய வீடு, அதில் பெரியத்தா, சாச்சா, மாமி, லாத்தா எனப் பலர். ஒருவர் போனால் மற்றவர் பார்ப்பார். இன்று பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றனர். எனவே, உதவியாளர் உடனிருந்து துணை செய்ய, மாற்றுத் திறனாளிகள் மூவர் நால்வராக ஒரு சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் குடியிருக்கும் ஏற்பாடு நம் நாட்டிலும் மெல்லப் பரவி வருகின்றது. சிலர் காப்பகங்களில் சேர்க்கப்படுகின்றனர். வேறு சிலர் உடன்பிறந்தவர் வீட்டு மாடி அறையில் வாழ்கின்றனர்.

இடம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அங்கே அவர் வீட்டு மனிதராக வாழ்கின்றாரா, அல்லது யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடக்கின்றாரா? இதற்கு மார்க்கம் காட்டும் வழியை இக்கட்டுரையில் பார்ப்போம்.

உணவும் சாவியும் ஸலாமும்

அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தை நாம் பலமுறை ஓதியிருப்போம். பார்வையற்றவர் மீதும், கால் ஊனமுற்றவர் மீதும், நோயாளி மீதும் குற்றமில்லை என்று அவ்வசனம் தொடங்குகின்றது. பின்னர் உங்கள் வீடுகளிலும், பெற்றோர், சகோதர சகோதரிகள், தந்தை வழி, தாய் வழி உறவினர் வீடுகளிலும், சாவி உங்கள் பொறுப்பில் உள்ள வீடுகளிலும், நண்பர் வீட்டிலும் உண்பதில் குற்றமில்லை என்று விரிகின்றது. சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்றும், வீடுகளில் நுழையும்போது ஸலாம் கூறுங்கள் என்றும் முடிகின்றது.

இவ்வசனம் இறங்கிய காரணமாக விரிவுரையாளர்கள் சில செய்திகளைக் குறிப்பிடுகின்றனர். அறியாமைக் காலத்தில் சிலர் ஊனமுற்றவருடன் ஒரே தட்டில் உண்ண அருவருத்தனர். மறுபுறம், ஊனமுற்றவர்களோ தங்களால் பிறருக்குத் தொல்லை நேருமே என்று கூசி ஒதுங்கினர். இன்னொரு செய்தியும் உண்டு. போருக்குப் புறப்பட்டவர்கள் தங்கள் வீட்டுச் சாவிகளை ஊரில் தங்கும் ஊனமுற்ற தோழர்களிடம் கொடுத்து, உள்ளே இருப்பதை உண்ணுங்கள் என்று கூறிச் சென்றனர். அவர்களோ, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் எப்படி உண்பது என்று தயங்கினர். அத்தயக்கத்தை அல்லாஹ் நீக்கினான்.

இதை ஆழ்ந்து சிந்தியுங்கள். ஒருவருக்கு ஓரிடம் வீடாக அமைவதற்கு வேண்டிய மூன்றும் இவ்வசனத்தில் வந்துவிட்டன. கூச்சமின்றி உண்ண முடிய வேண்டும். சாவியை நம்பிக் கொடுக்கும் மதிப்பு இருக்க வேண்டும். வருவோர் போவோர் ஸலாம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் விருந்தினர் வந்தால் அந்தப் பிள்ளையைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுகின்றோமே, சஹனில் நால்வர் உட்காரும்போது அவனுக்கு மட்டும் தனித்தட்டு வைக்கின்றோமே, இது எந்தக் காலத்துப் பழக்கம்?

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய முறை

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பார்வை குன்றிய ஸஹாபி. மழை பெய்து பள்ளத்தில் வெள்ளம் ஓடினால் தம் கூட்டத்தாரின் பள்ளிக்கு அவர்களால் செல்ல இயலாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தையே தொழுமிடமாக ஆக்கிக் கொள்வேன் என்று வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். அனுமதி கேட்டு உள்ளே நுழைந்தார்கள். அமர்வதற்கு முன்னரே, உமது வீட்டில் எவ்விடத்தில் நான் தொழுவதை விரும்புகின்றீர் என்று கேட்டார்கள். இத்பான் (ரலி) ஒரு மூலையைச் சுட்டிக் காட்ட, அங்கே நின்று தொழுதார்கள். இது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவான செய்தி.

அல்லாஹ்வின் தூதர் அவர்கள் தாமே ஓரிடத்தைத் தேர்ந்து நின்றிருந்தால் யார் மறுத்திருப்பார்? ஆயினும் கேட்டார்கள். வீடு அவருடையது, எங்கே எது இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருடையது. இன்று நாம் கட்டிலை எங்கே போடுவது, எந்தச் சட்டையை உடுத்துவது என்று அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்கின்றோம்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். அபஸ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அவர்கள் பொருட்டே இறங்கின. மதீனாவில் பிலால் (ரலி) அவர்களுடன் அவர்களும் பாங்கு சொல்லும் பணியில் இருந்தார்கள். வைகறை வெளுத்ததை அவர்களால் காண இயலாது. "சுப்ஹு வந்துவிட்டது" என்று மற்றவர்கள் கூறிய பின்னரே பாங்கு சொல்வார்கள் என்று புகாரியில் வருகின்றது.

துணை செய்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? அவர்களால் இயலாதது வெளிச்சத்தைப் பார்ப்பது ஒன்றுதான். அதை மட்டும் பிறர் செய்தனர். பாங்கு அவர்களுடையதாகவே இருந்தது. பார்வையில்லை என்று கூறிப் பாங்கையே பறித்துக் கொள்ளவில்லை. இயலாத பகுதியை மட்டும் நாம் செய்து, இயன்றதை அவரிடமே விடுவதுதான் உண்மையான உதவி. அதற்கு மிஞ்சிச் செய்வது சில வேளை அன்பின் பெயரால் செய்யும் பறிப்பாகிவிடும்.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அறிவு வளர்ச்சி குன்றிய மகனை முப்பது வயதுவரை உம்மா வளர்த்து மறைந்தார். காக்கா வெளிநாட்டில், லாத்தா மணமாகி வேறூரில். இருவரும் கலந்து பேசி, நால்வர் உதவியாளருடன் வாழும் வீடொன்றில் தம்பியைச் சேர்த்தனர். வீடு சுத்தம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு நாளும் மஃரிபு நேரத்தில் கைலியையும் சட்டையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான். உள்ளே அழைத்தால் அழுவான். அடம் பிடிக்கிறான் என்றனர் அங்குள்ளவர்கள்.

பதினைந்தாம் நாள் லாத்தா பார்க்க வந்தார். மஃரிபு நேரத்தில் உதவியாளர் வாசல் விளக்கைப் போட்டு, உள்ளே பாய் விரிப்பதைக் கண்டார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வீட்டில் வாசல் விளக்கைப் போடுவதும், உம்மாவுக்கு முஸல்லா விரிப்பதும் தம்பியின் வேலை. இருபது ஆண்டுகள் அவன் செய்து வந்த வேலை அது. இங்கே அதை வேறொருவர் செய்துவிட்டதால், தான் இந்த வீட்டைச் சேர்ந்தவன் அல்லன் என்றே அவன் புரிந்து கொண்டிருக்கிறான்!

மறுநாள் முதல் விளக்கும் பாயும் அவன் பொறுப்பாயின. சில நாள் கழித்து மூட்டை அலமாரிக்குள் போயிற்று. உம்மாவை நினைத்து அவன் அழுவது நிற்கவில்லை. அது நிற்கவும் வேண்டியதில்லை. ஆனால் வாசற்படியில் உட்காருவது நின்றது.

கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள்

1. பெயர் சொல்லி அழையுங்கள். நொண்டி, செவிடு, பைத்தியம் என்ற பட்டப் பெயர்கள் வீட்டிலும் தெருவிலும் ஒலிக்கக் கூடாது. பட்டப் பெயரால் இழிவுபடுத்துவதை அல்லாஹ் தடுத்திருக்கின்றான் (49:11). நாற்பது வயதானவரைக் குழந்தை போல் கொஞ்சிப் பேசுவதும் மரியாதை ஆகாது.

2. அனுமதி கேட்டு நுழையுங்கள். பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் கூறுமாறு 24:27 கட்டளையிடுகின்றது. சுப்ஹுக்கு முன், பகலில் ஆடை களையும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுப் பணியாட்களும் சிறுவர்களுமே அனுமதி கேட்க வேண்டும் என்று 24:58 கூறுகின்றது. ஆகவே, உதவியாளர் என்பதற்காக எந்நேரமும் கதவைத் திறந்து நுழைய உரிமையில்லை. கதவைத் தட்டுங்கள். காது கேளாதவராயின் விளக்கை அணைத்துப் போட்டு அறிவியுங்கள்.

3. ஔரத்தைப் பேணுங்கள். குளிப்பாட்டவும் கழுவிவிடவும் ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் இருக்க வேண்டும். தேவையான அளவு மட்டுமே துணியை விலக்க வேண்டும். கையுறையோ துணியோ சுற்றிக் கழுவ வேண்டும். அவருக்குப் புரியாது என்று எண்ணிப் பலர் முன்னிலையில் உடை மாற்றுவது பெரும் தவறு. புரியாதவருக்கும் மானம் உண்டு.

4. பழகிய பொருள்களை உடன் அனுப்புங்கள். அவர் போர்த்திய போர்வை, குடித்த குவளை, ஓதிய குர்ஆன் பிரதி, வாப்பா தந்த தொப்பி ஆகியவை அவருக்கு வீட்டின் ஒரு பகுதி. எந்த ஆணம் பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், எப்படித் தூங்குவார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி உதவியாளரிடம் கொடுங்கள். பேச இயலாதவருக்கு அந்த நோட்டே நாக்கு.

5. பொறுமையாகக் கேளுங்கள். மதீனாவில் அறிவுத் தெளிவு குறைந்த பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாயோ அங்கே வந்து கேட்கிறேன் என்று அவர்கள் கூறி, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. இடத்தைத் தேர்வது கூட அந்தப் பெண்ணிடமே விடப்பட்டது!

6. போக்குவரத்தை நிறுத்தாதீர்கள். சேர்த்துவிட்ட நாளோடு உறவு முடிந்துவிடக் கூடாது. வருவதாகச் சொன்ன நாளில் வாருங்கள். பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். அவர் விரும்பினால், அவருடைய வீட்டில் நீங்கள் விருந்தாளியாக உட்கார்ந்து அவர் கையால் ஒரு டீ குடியுங்கள். விருந்தளிப்பவரே வீட்டுக்காரர்.

இபாதத்தில் கவனிக்க வேண்டியவை

அறிவு இல்லாதவர், அதைத் திரும்பப் பெறும்வரை, கேள்வி கணக்கிலிருந்து நீங்கியவர் என்பது ஹதீஸ். ஆனால் இதைக் கொண்டு எல்லா மாற்றுத் திறனாளிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடக் கூடாது. பார்வையற்றவருக்கும், காது கேளாதவருக்கும், நடக்க இயலாதவருக்கும் தொழுகை கடமையே. அறிவு வளர்ச்சியில் சற்றே பின்தங்கியவர் விளங்கிக் கொள்ளும் நிலையில் இருந்தால் அவருக்கும் கடமை உண்டு. ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி). தண்ணீரைப் பயன்படுத்த முடியாத நோயாளிக்குத் தயம்மும் உண்டு. சிறுநீர் அடக்க முடியாமல் கசிந்து கொண்டிருப்பவர், தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, ஒளூச் செய்து கொள்ள வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அந்த நேரம் முடியும்வரை அந்த ஒளூ போதும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளூ வேண்டும். அதனுடன் நஃபில்களைத் தொழலாம். இவற்றை உதவியாளர் அறிந்திருக்க வேண்டும். அவர் முஸ்லிமல்லாதவராக இருந்தாலும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் செய்வார்.

கடமையே இல்லாதவராயினும் பள்ளிக்கு வர ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஒரு பெண்மணி சிறு குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று கேட்டபோது, உண்டு, உனக்கும் நன்மை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் (முஸ்லிம்). கடமையில்லாதவரின் இபாதத்துக்கும் அல்லாஹ்விடம் இடமுண்டு. அழைத்து வந்தவருக்கும் கூலியுண்டு.

பொருளும் பொறுப்பும்

ஊனமோ அறிவுக் குறைவோ வாரிசுரிமையைத் தடுக்காது. மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள பங்கு அவருக்கும் உண்டு. "அவனுக்கு எதற்குச் சொத்து? நாங்கள்தான் பார்த்துக் கொள்கிறோமே" என்று கூறி அவர் பங்கைத் தம் பெயரில் எழுதிக் கொள்வோர் அல்லாஹ்வை அஞ்சிக் கொள்ளட்டும்.

நிர்வகிக்கத் தெரியாதவரிடம் செல்வத்தை ஒப்படைக்காதீர்கள். அதிலே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் நல்ல சொல் பேசுங்கள் என்பது அந்நிஸா 5ஆம் வசனத்தின் கருத்து. "அதிலிருந்து" என்னாமல் "அதிலே" என்று வந்திருப்பதை இமாம் ஸமக்ஷரீ போன்றோர் சுட்டிக் காட்டுகின்றனர். முதலைத் தின்று தீர்க்காமல், அதைத் தொழிலில் இட்டு, வரும் இலாபத்தில் அவரைப் பராமரிக்க வேண்டும் என்பது அதன் நுட்பம். தாய் தந்தையர் தம் காலத்திலேயே ஒரு கடை வாடகையையோ தோட்ட வருமானத்தையோ இதற்கென ஒழுங்கு செய்து வைப்பது நலம். வாரிசுக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலே அது செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அறிவு நீங்கியவரின் செல்வத்திலிருந்து பொறுப்பாளர் ஜகாத் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபீ மத்ஹபில் அது கடமையில்லை. சம்பாதிக்க இயலாத ஏழைச் சகோதரனின் செலவு, தந்தை இல்லாதபோது, வசதியுள்ள சகோதரர்கள் மீது கடமையாகும் என்பது ஹனஃபீ மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபில் செலவுக் கடமை பெற்றோர், பிள்ளைகள் வழியோடு நிற்கும். ஆயினும் உறவைப் பேணும் கடமையிலிருந்து யாரும் விலக முடியாது.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உடையவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழுவுக்கு அதிகாரம் அளித்துள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமையை ஏற்று, இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தாதிருக்க வழி கூறுகின்றது.

மறக்கக் கூடாத ஒரு காலை

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் அதிகாலை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர்.

அவர்கள் பல மதத்தவர், பல ஊரார். அவர்களை அங்கே கொண்டு வந்தவர்களில் பலர் ஷிஃபாவை நாடியே வந்திருப்பார்கள். ஆனால் விட்டுச் சென்ற பின் நிலைமை என்ன, இரவில் எங்கே படுக்கிறார், காலில் என்ன கிடக்கிறது என்று அடிக்கடி வந்து பார்க்கும் கண்கள் போதவில்லை. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. சட்டம் காகிதத்தில் இருக்கும். போய்ப் பார்ப்பது உறவினரின் வேலை. ஆகவே, எந்த இல்லத்தில் சேர்ப்பதாயினும் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பாருங்கள். கதவு உள்ளிருந்து திறக்கிறதா, கழிவறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, அவர்கள் வெளியே கடைத்தெருவுக்குப் போகிறார்களா என்று கவனியுங்கள். உங்களை உள்ளே விடத் தயங்கும் இல்லத்தில் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

ஜமாஅத்தின் கடமை

உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி: கி.பி. 705-715) நடக்க இயலாதவருக்குப் பணியாளையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அளித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அது ஓர் அரசின் செயல். நம் மஹல்லா அளவில் நம்மால் இயன்றது எவ்வளவோ உண்டு. பள்ளிவாசல் படியருகே ஒரு சாய்தளம், ஹவுளருகே உட்கார்ந்து ஒளூச் செய்ய ஒரு மேடை, ஜும்ஆவுக்கு அழைத்து வர இரண்டு இளைஞர்கள், நோன்புக் கஞ்சியை அந்த வீட்டுக்கும் கொண்டு சேர்க்க ஒருவர். தெருவில் அப்படியொரு வீடு அமைய முன்வந்தால், வாடகைக்குத் தர மறுக்காமல், முத்தவல்லியும் பேஷ் இமாமும் முதலில் போய் ஸலாம் சொல்லட்டும். வக்ஃபு வருமானமுள்ள ஜமாஅத்துகள், வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு உட்பட்டு, இதற்கெனச் சிறு பங்கை ஒதுக்குவது பற்றி ஆலோசிக்கட்டும்.

நம்மில் பலவீனமானவர்களின் பொருட்டே நமக்கு உதவியும் உணவும் அளிக்கப்படுகின்றன என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. அப்படியானால், யாரால் யார் பிழைக்கின்றார்கள் என்பதை நாம் மாற்றி எண்ணிப் பார்க்க வேண்டும்.

"எனக்குப் பின் என் பிள்ளைக்கு யார்?" என்று கேட்கும் தாய்க்கு முதல் விடை, ஹய்யுல் கய்யூமான அல்லாஹ் என்பதே. ஆனால் அந்த விடையைச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. இன்றைக்கே அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி உள்ளே போய், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, அவனருகே உட்காருங்கள். தன் ஆயுளிலேயே அதைக் காணும் தாய்க்குப் பாதிக் கவலை தீரும்.

பலவீனர்களின் உரிமையைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.